"டீச்சர், குழியானை ஏன் பின்னாடியே நடக்குது?"

ஈராசிரியர் பள்ளி டீச்சர், திண்டுக்கல் மாவட்டம்

பிள்ளைகள் கேட்ட கேள்வியால் வகுப்பே திசை மாறிப்போன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள்.

எங்கள் பள்ளியில் நான்கும் ஐந்தும் என் பொறுப்பு. ஒரே அறையில் இரண்டு வகுப்பு. சத்துணவுக் கூடத்துச் சுவர் ஓரமாக, மழைச் சாரல் படாத புழுதியில் சின்னச் சின்னப் புனல் மாதிரி குழிகள் இருக்கும். எறும்பு பிடிக்கக் குழியானைப் பூச்சி போடும் குழிகள் அவை. சாப்பிட்டுக் கை கழுவியதும் பையன்கள் அங்கேதான் குந்தியிருப்பார்கள். ஒருநாள் பாடம் நடக்கும்போது நாலாம் வகுப்புப் பையன் எழுந்து, "டீச்சர், குழியானை ஏன் பின்னாடியே நடக்குது?" என்றான்.

எனக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் இப்படிக் கேட்டால், "அதெல்லாம் பெரிய வகுப்புல படிப்ப, உக்காரு" என்று முடித்துவிடுவேன். பல வருஷம் அப்படித்தான் செய்தேன். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. அன்று மட்டும் என்னவோ பழைய காலண்டர் தாளைத் திருப்பிச் சுவரில் ஒட்டி, அந்தக் கேள்வியை அவன் சொன்ன சொல்லிலேயே எழுதி வைத்தேன். மறுநாள் வருவதற்குள் அதன் கீழே பதினொரு கேள்விகள். பாதி எழுத்துப் பிழையோடு. எதையும் நான் திருத்தவில்லை.

"ஏன்" என்று கேட்பதைப் பிள்ளைகள் கையால் செய்து பார்ப்பது கஷ்டம். "இதுல நாமளே பார்த்துக் கண்டுபிடிக்கிற மாதிரி எது இருக்கு?" என்று கேட்டேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "எந்த மண்ணுல குழி போடும்னு பார்க்கலாம் டீச்சர்" என்றாள். அடுத்த நாள் ஆற்று மணல், எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்), சலித்த செம்மண், தண்ணீர் தெளித்த செம்மண் எல்லாம் கொட்டாங்கச்சிகளில் வந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு பூச்சி.

காலையில் பார்த்தால், சலித்த செம்மண்ணில் அழகான குழி. எம்-சாண்டில் ஒன்றும் இல்லை, ஈர மண்ணிலும் இல்லை. சரி, முடிந்தது என்று நான் நினைத்தேன். ஒருவன் விடவில்லை. "எம்-சாண்ட்ல விட்டது சின்னப் பூச்சி டீச்சர். பெருசா இருந்தா போட்டிருக்கும்." உடனே இன்னொருத்தி, "அப்போ ரெண்டையும் மாத்தி விடுவோம்" என்றாள். மாற்றி விட்டார்கள். பெரிய பூச்சியாலும் எம்-சாண்டில் குழி போட முடியவில்லை. சின்னது செம்மண்ணுக்குப் போனதும் போட்டுவிட்டது.

சோதனையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதை நான் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். அது ஒரு பிள்ளையின் வாயிலிருந்து, சண்டை போடும் குரலில் வந்தது. என் பதினாறு வருஷ வேலையில் நான் மிகவும் சந்தோஷப்பட்ட நாள் அது.

பின்னாடி நடக்கிற கேள்விக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி உதவியது. உடம்பெல்லாம் முடி, நிறைய முடி முன்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. கையால் தடவிக் காட்டி, "முன்னாடி போனா குத்தும், பின்னாடி போனா வழுக்கும்" என்று பையன்களே சொன்னார்கள். புத்தகத்தில் தேடினேன். அந்த முடிதான் மண்ணில் பிடிமானம் தருகிறது, இரை இழுக்கும்போது குழியிலிருந்து வெளியே வராமல் ஊன்றி நிற்க உதவுகிறது என்று இருந்தது.

ஒரு கொட்டாங்கச்சியில் பூச்சியைக் காணவில்லை, கோலிக்குண்டை விடச் சின்னதாக மண் உருண்டை ஒன்று மட்டும் கிடந்தது. செத்துப்போச்சு, கொட்டிவிடலாம் என்றார்கள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை ஒருத்தி மட்டும் வேண்டாம் என்று கொசுவலைத் துண்டைக் கட்டி வைத்தாள். சில வாரம் கழித்து உள்ளே சிறகு முளைத்த பூச்சி! "தும்பி!" என்று கத்தினார்கள். அவள் மெதுவாக, "தும்பிக்கு இவ்ளோ நீளக் கொம்பு கிடையாது. இதுக்கு நுனி தடிச்சிருக்கு" என்றாள். சரியாகச் சொன்னாள். தும்பியின் உணர்கொம்பு உற்றுப் பார்த்தால்தான் தெரியும் அளவு சின்னது. இது குழியானையின் வளர்ந்த வடிவம்.

அடுத்த திங்கட்கிழமை காலை வழிபாட்டில் குறளும் செய்தியும் முடிந்த பிறகு அவளைப் பேச வைத்தேன். மூன்று நிமிடம் பேசினாள். மூன்றாம் வகுப்பு வாண்டு ஒன்று கையைத் தூக்கி, "எத்தனை பூச்சியில பார்த்தீங்கக்கா?" என்று கேட்டது. "ஒண்ணுலதான்" என்றாள். "அப்போ இன்னும் பார்க்கணும்" என்றது அது. மிச்சப் பூச்சிகளைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிட்டோம், அதையும் பிள்ளைகள்தான் முடிவு செய்தார்கள்.

ஓர் அம்மா, கோவை

டீச்சர், படித்ததும் எங்கள் வீட்டு அடுக்களைதான் ஞாபகம் வந்தது. மூன்றாவது படிக்கும் மகள், "பாட்டி ஏன் பால்ல மிளகாய்க் காம்பு போடறாங்க?" என்றாள். உறைமோர் இல்லாத நாளில் மாமியார் செய்வது. எனக்குக் காரணம் தெரியாது, பழக்கம் மட்டும் தெரியும்.

மூன்று டம்ளரில் காய்ச்சி ஆறவைத்த பால். ஒன்றில் மோர், ஒன்றில் பச்சை மிளகாய்க் காம்பு, ஒன்றில் எதுவும் இல்லை. காலையில் மோர் விட்டது கெட்டியாக உறைந்திருந்தது. காம்பு போட்டது சாயங்காலம்தான் லேசாக, தண்ணியாகத் திரண்டது. மூன்றாவது பாலாகவே இருந்தது. (காம்பு போட்டதை வாயில் வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.)

"பாட்டி, உங்க காம்பு தோத்துப்போச்சு!" என்று ஓடினாள். மாமியார் கொஞ்சமும் அசரவில்லை. "ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லிடுவியா கண்ணு? அந்தத் தண்ணித் தயிர்ல ஒரு கரண்டி எடுத்து நாளைக்குப் பால்ல விட்டுப் பாரு." விட்டோம். அது நன்றாக உறைந்தது. காம்பில் ஒட்டியிருந்த கொஞ்சம் பாக்டீரியா முதல் நாள் பெருகி, இரண்டாம் நாள் போதுமான உறையாகிவிட்டது என்பதை அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டோம். அறுபத்தெட்டு வயது மாமியாரும் எட்டு வயதுப் பேத்தியும் டம்ளர்களைச் சுற்றி நின்று வாதாடிய அந்த இரண்டு நாளை நான் மறக்க மாட்டேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மதுரை

டீச்சரம்மா, நீங்கள் எழுதிய "உக்காரு" என்ற சொல் என்னையும் குத்தியது. மத்தியானம் நிழல் காலடியில் விழும் என்று நடத்தியபோது ஒரு பையன், "சார், மார்கழியில மத்தியானமும் தள்ளித்தானே விழுது?" என்றான். அதிகப்பிரசங்கி என்று அடக்கிவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. அவன் சொன்னதுதானே சரி.

மறுநாள் அவனிடமே சுண்ணாம்புக்கட்டியைக் கொடுத்தேன். பன்னிரண்டடிக் கொடிக்கம்பம். மதுரையில் சூரியன் உச்சிக்கு வருவது சரியாகப் பன்னிரண்டுக்கு இல்லை, ஏறக்குறைய 12.15க்கு. வெள்ளிக்கிழமைதோறும் அந்த நேரத்தில் நிழல் நுனியில் ஒரு செங்கல். டிசம்பர் கடைசியில் வடக்கே எட்டடி நீளம். தையில் குறைந்தது, மாசியில் இன்னும். ஏப்ரல் நடுவில் கம்பத்துக்கு நிழலே இல்லை. பள்ளிக்கூடமே திரண்டு வந்து சுற்றி நின்றது. கோடை விடுமுறை முடிந்து ஜூனில் திறந்த அன்று அவன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "சார், நிழல் தெற்கால விழுது சார்!" மூன்றடிக்கும் குறைவாக, எதிர்த் திசையில். முப்பது வருஷம் பாடம் நடத்தியவன் நான், அதை முதல்முறை கண்ணால் பார்த்தது அன்றுதான்.

கேள்வியை மதிக்கும் முயற்சி நம் நாட்டில் புதிதில்லை. மத்தியப் பிரதேசத்தில் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் 'சவாலிராம்' என்று ஒரு கற்பனை மனிதரை உருவாக்கினார்கள். பிள்ளைகள் அவருக்குக் கேள்விகளை எழுதி அனுப்புவார்கள், பதில் வரும். அது நடுநிலை வகுப்புகளுக்கானது. இங்கே 'துளிர்' என்ற சிறுவர் அறிவியல் இதழ் எங்கள் பள்ளிக்கு வந்த நாளில் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். பிள்ளைகள் தங்கள் ஆய்வைச் சொல்லும் சிறுவர் அறிவியல் மாநாடு பத்து வயதுக்கு மேல்தான். ஏழு வயதுக்காரனுக்குப் பேச மேடை எங்கே? உங்கள் காலை வழிபாடுதான் மேடை. அதை விட்டுவிடாதீர்கள்.

பூச்சியியல் ஆய்வு மாணவி, சென்னை

ஐயா கேட்ட மேடை ஒருமுறை மிகப் பெரிதாகவே கிடைத்திருக்கிறது. இங்கிலாந்தில் டெவன் பகுதி பிளாக்காட்டன் கிராமத் தொடக்கப் பள்ளியில் 8 முதல் 10 வயது வரையான 25 பிள்ளைகள், பம்பிள் தேனீக்கள் பூ தேடும்போது நிறத்தையும் நிறங்கள் அமைந்திருக்கும் விதத்தையும் சேர்த்துப் பார்க்கின்றனவா என்று சோதித்தார்கள். நரம்பியலாளர் போ லாட்டோ உடனிருந்தார். அது 2010இல் ராயல் சொசைட்டியின் 'பயாலஜி லெட்டர்ஸ்' ஆய்விதழில் வந்தது. படங்கள் எல்லாம் கலர் பென்சிலில் வரைந்தவை. கட்டுரை நம் "ஒரு ஊர்ல" மாதிரித்தான் ஆரம்பிக்கும். படித்தபோது எனக்கு அழுகை வந்தது. ஐந்தாம் வகுப்பில் நான் கேட்ட ஒரு கேள்விக்கு வகுப்பே சிரித்தது, அதற்கப்புறம் கல்லூரி வரை நான் கையே தூக்கவில்லை.

ஈராசிரியர் பள்ளி டீச்சர்

தங்கச்சி, நீங்கள் எழுதியதை வகுப்பில் வாசித்தேன். "அவங்களும் நாலாப்பா டீச்சர்?" என்றுதான் முதலில் கேட்டார்கள். அப்புறம் கலர் பென்சில் தேடினார்கள். குழியானையின் முடிகளை வரைந்த படம் இப்போது காலண்டர் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. ஐயா, வெள்ளிக்கிழமை 12.15க்கு எங்கள் கொடிக்கம்பத்தடியிலும் முதல் செங்கல் வைத்துவிட்டோம். நேற்று பெய்த மழையில் சத்துணவுக் கூடத்து ஓரம் முழுக்க நனைந்து குழிகள் எல்லாம் அழிந்துபோயின. இன்று தாளில் புதிதாக ஒரு வரி இருக்கிறது. அந்த மூன்றாம் வகுப்பு வாண்டின் எழுத்து: "மளை பெஞ்சா குழியானை எங்க போவும்?"