புத்தகக் கடைக் கூட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் சரியா?

பீளமேட்டு வாசகி:
கோவையில் எங்கள் பகுதியில் ஒரு சிறிய புத்தகக் கடை இருக்கிறது. மாதம் ஒருமுறை எழுத்தாளர் ஒருவரை அழைத்து வாசிப்புக் கூட்டம் நடத்துகிறார்கள். இதுவரை அனுமதி இலவசம். அடுத்த மாதம் முதல் ஒருவருக்கு 100 ரூபாய் கட்டணம், அன்றே புத்தகம் வாங்கினால் அந்தத் தொகையை பில்லில் கழித்துக்கொள்ளலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே சண்டை. இலக்கியக் கூட்டத்துக்குக் காசு கேட்பதா என்று சிலர் கொதிக்கிறார்கள்.

நான் கட்டணத்தின் பக்கம் நிற்கிறேன். இரண்டு மணி நேரம் மின்விசிறி ஓடுகிறது, நாற்காலி வாடகைக்கு வருகிறது, தேநீர் வருகிறது. கேட்டுவிட்டு எழுந்து போகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு புத்தகம்கூட எடுப்பதில்லை. இப்படியே போனால் கடையை மூடுவார்கள். பிறகு எங்கே போய்க் கூடுவோம்?

கிளை நூலகர்:
அம்மா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் நான் இதை ஏற்கவில்லை.

பணம் கொடுத்துத்தான் எழுத்தாளரைக் கேட்க வேண்டும் என்ற நிலை வரக் கூடாது என்பதற்காகவே இந்த மாநிலத்தில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. 1948-லேயே சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இன்றைக்கும் சொத்து வரியோடு, அந்த வரியில் 10 விழுக்காட்டை நூலக வரியாகவும் சேர்த்துக் கட்டுகிறோம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் 'பொன்மாலைப் பொழுது' என்ற பெயரில் எழுத்தாளர்கள் வந்து பேசுகிறார்கள், யாரும் டிக்கெட் கேட்பதில்லை. ஈரோட்டில் 2005 முதல் நடக்கும் புத்தகத் திருவிழாவில் மாலைச் சொற்பொழிவு கேட்கக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். நம் ஊரில் பேச்சைக் கேட்பது அப்படிப் பழகிய ஒன்று. வாசலில் கட்டணப் பலகை வைத்த அன்றே பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். போகிறவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்கள், கூட வேலை செய்பவர் சொன்னாரே என்று முதன்முறையாக எட்டிப் பார்க்க வந்தவர்கள்.

கல்லாப்பெட்டி:
சென்னையில் ஒரு புத்தகக் கடையில் பல ஆண்டுகள் பில் போட்டவன் நான். கணக்கைச் சொல்கிறேன்.

200 ரூபாய்ப் புத்தகத்துக்குப் பதிப்பகம் கடைக்குத் தரும் கழிவு 35 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 70 ரூபாய். புத்தகக் காட்சியில் கிடைக்கிற 10 விழுக்காட்டுத் தள்ளுபடியை வாசகர் கடையிலும் எதிர்பார்க்கிறார். அதில் 20 போனால் மிச்சம் 50. கூட்டத்துக்கு 60 பேர் வந்து 12 பேர் வாங்கினால் 600 ரூபாய். தேநீருக்கே அது சரியாகப் போய்விடும். ஒலிபெருக்கி, நாற்காலி, கூட்டம் முடிந்து ஒன்பது மணி வரை காத்திருந்து கடையை ஒழுங்குபடுத்தும் பையனின் கூலி, எல்லாம் கைக்காசு.

இதைவிட வேதனையான ஒன்றைப் பார்த்திருக்கிறேன். பதிப்பகத்தார் அட்டைப்பெட்டியைக் கையோடு கொண்டுவருவார்கள். கடை வாசலிலேயே ஒரு மேசை போட்டு, டேப்பைக் கிழித்து, புத்தகத்தை அடுக்குவார்கள். '25 விழுக்காடு தள்ளுபடி, இன்று மட்டும்' என்று ஒரு தாள் ஒட்டுவார்கள். எழுத்தாளர் அந்த மேசையருகே நின்றுதான் கையெழுத்துப் போடுவார். வரிசை அங்கே நீளும். அதே புத்தகம் என் பின்னால் அலமாரியில் முழு விலைக்கு இருக்கும். இடம் எங்களுடையது, அழைப்பிதழ் எங்களுடையது, விற்பனை அவர்களுடையது. ஐயா, நூலகத்துக்கு வரி வருகிறது. கடைக்கு வாடகை பாக்கிதான் வருகிறது.

சிறுபதிப்பாளர்:
அந்த அட்டைப்பெட்டியைக் கொண்டுவருகிறவர்களில் நானும் ஒருவன், அதனால் என் பக்கத்தையும் கேளுங்கள்.

இன்று ஒரு கவிதைத் தொகுப்பை 300 பிரதி அச்சிடுவதற்கே தயங்குகிறோம். கடைகளுக்கு விற்றபின் பணம் என்ற கணக்கில் அனுப்புகிறோம். விற்ற பணம் ஆறு மாதம், ஒரு வருடம் என்று இழுக்கும். போன் செய்தால் 'ஸ்டாக் பார்த்துச் சொல்கிறேன்' என்பார்கள். வெளியீட்டு நாளில் கையில் வரும் ரொக்கம்தான் அச்சகத்துக்கு நான் தர வேண்டிய பாக்கி. நாங்கள் கடையின் வயிற்றில் அடிக்க வரவில்லை. கடைகள் மாதாமாதம் கணக்குத் தீர்த்தால் எனக்கு ஏன் தனி மேசை?

கட்டணத்தை நான் எதிர்க்கிறேன். பெரிய பெயருள்ள எழுத்தாளருக்கு 100 ரூபாய் கொடுத்து வருவார்கள். முதல் தொகுப்பு போட்ட கவிஞருக்கு யார் வருவார்? அவருக்குத்தானே கடைக் கூட்டம் தேவை?

பழைய புத்தகப் பித்தன்:
கட்டணம் இலக்கியத்தைக் கெடுக்கும் என்பவர்கள் கொஞ்சம் பாரிஸ் வரை வாருங்கள். சில்வியா பீச் என்ற அமெரிக்கப் பெண்மணி 1919-இல் அங்கே 'ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி' என்ற கடையைத் தொடங்கினார். உலகப் பொருளாதார மந்தத்தில் கடை மூடும் நிலைக்கு வந்தது. ஆந்த்ரே ழீத் முதலான எழுத்தாளர்கள் கூடி 1936-இல் 'நண்பர்கள்' என்று ஒரு சந்தா முறையை வைத்தார்கள். ஆண்டுக்கு 200 பிராங்க். சந்தா கட்டியவர்களுக்குக் கடையிலேயே வாசிப்புக் கூட்டம். பால் வலேரி வாசித்தார், டி.எஸ்.எலியட் வாசித்தார். 1941-இல் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது மூடும் வரை கடை தாக்குப்பிடித்தது.

இன்னொன்று கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் உள்ள கெப்ளர்ஸ். 1955-இல் தொடங்கிய கடை, 2005 ஆகஸ்டு கடைசியில் மூடப்பட்டது. ஊர்க்காரர்கள் கொதித்தெழுந்து முதலீடு திரட்ட, அக்டோபரிலேயே மறுபடி திறந்தது. பின்னாளில் நிகழ்ச்சிகளுக்கென்று லாப நோக்கற்ற தனி அமைப்பே உருவானது. அங்கே பல கூட்டங்களுக்கு டிக்கெட் உண்டு. அதனால் அந்த ஊரில் வாசிப்பு செத்துவிடவில்லை.

கிளை நூலகர்:
நீங்கள் சொன்ன இரண்டு கதையும் என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கின்றன. பாரிஸில் நடந்தது வசதியுள்ளவர்கள் முன்வந்து கொடுத்த சந்தா. கலிபோர்னியாவில் கடையை மீட்டது ஊரார் போட்ட முதல். இரண்டிலும் முடிந்தவர்கள் கொடுத்தார்கள், கடை பிழைத்தது. கதவருகே நின்று ஆளுக்கு ஆள் வசூலித்ததால் பிழைக்கவில்லை.

நம் கோவையிலேயே விஷ்ணுபுரம் இலக்கிய விருது விழா 2010 முதல் நடக்கிறது. செலவு வாசகர் நன்கொடையில் நடக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். இருக்கிறவர் கொடுக்கட்டும், இல்லாதவர் வந்து கேட்கட்டும் என்பது நடைமுறையில் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

பீளமேட்டு வாசகி:
ஐயா, விழா ஆண்டுக்கு ஒருமுறை. கடை வாடகை மாதத்துக்கு ஒருமுறை. நன்கொடை கேட்டுக் கேட்டு ஒரு கடைக்காரர் எத்தனை மாதம் ஓட்டுவார்?

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்லிவிடுகிறேன். கட்டணம் வந்தால் கூட்டத்தின் தரமும் மாறும் என்ற ஆசை எனக்கு. இப்போது நடப்பது என்ன? வரவேற்புரை, முன்னிலை, வாழ்த்துரை நால்வர், முதல் பிரதி வழங்குபவர், பெற்றுக்கொள்பவர், எல்லோருக்கும் பொன்னாடை. ஒவ்வொரு பொன்னாடைக்கும் எல்லோரும் எழுந்து படத்துக்கு நிற்க வேண்டும். ஏற்புரைக்கு எழுத்தாளரின் கைக்கு ஒலிவாங்கி வரும்போது மணி எட்டேகால். அதற்குள் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் எழுந்துவிட்டிருப்பார்கள். அவர் தன் கதையிலிருந்து ஒரு பத்திகூட வாசிக்காமல் நன்றி சொல்லி முடித்த கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரே ஒரு முறை வேறு மாதிரி நடந்தது. மின்சாரம் போய் ஒலிபெருக்கி நின்றுவிட்டது. எழுத்தாளர் அலமாரிக்கு ஏற வைத்திருந்த முக்காலியை இழுத்துப் போட்டு, கைபேசி வெளிச்சத்தில் தன் கதை ஒன்றை முழுதாக வாசித்தார். உரையாடல் வரும் இடங்களில் கிழவியின் குரலுக்கு அவர் குரல் தானாகத் தாழ்ந்தது. அச்சில் படித்தபோது அந்தக் கிழவி கோபமாகப் பேசுகிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் பயந்து போயிருக்கிறாள் என்பது அன்றுதான் தெரிந்தது. இதற்கு 100 என்ன, 300 கேட்டாலும் கொடுப்பேன்.

அரசுக் கல்லூரி மாணவி:
நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. அக்கா சொன்ன மாதிரியான ஒரு கூட்டத்துக்கு நானும் போயிருக்கிறேன். கடைசி ரேக்குக்குப் பின்னால் நின்றுதான் கேட்டேன். கேள்வி நேரத்தில் கை தூக்கினேன். என் ஊர்ப் பேச்சில் கதை எழுதலாமா என்று கேட்டேன். அதில் எழுதாமல் வேறு எதில் எழுதுவாய் என்று அவர் திருப்பிக் கேட்டார். அதன்பிறகுதான் எழுதத் தொடங்கினேன்.

வாசலில் 100 ரூபாய் என்று எழுதியிருந்தால் நான் உள்ளே போயிருக்க மாட்டேன். புத்தகம் வாங்கினால் கழித்துக்கொள்ளலாம் என்கிறீர்கள். புத்தகமே நூலகத்தில் எடுத்துத்தானே படிக்கிறேன்? மாணவர்களுக்குச் சலுகை என்று எழுதி வைப்பார்கள் என்பதும் தெரியும். அடையாள அட்டையை நீட்டிச் சலுகை கேட்கவும் கூச்சமாக இருக்கும். எனக்கு அங்கே யாரும் எதுவும் கேட்காததுதான் பெரிய உதவியாக இருந்தது.

கல்லாப்பெட்டி:
தங்கை சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை, அதை மறுக்கவும் மாட்டேன். என் கருத்து இதுதான். கதவைத் திறந்தே வைக்கலாம். ஆனால் அதற்கு விலை யாராவது கொடுத்தாக வேண்டும். ஆண்டுச் சந்தா 1,000 ரூபாய் என்று 40 பேர் கட்டினால் 40,000. மாதக் கூட்டத்தின் கைச்செலவு அதில் அடங்கும். சந்தாதாரருக்குத் தனி நாற்காலி, முன்வரிசை என்று எதுவும் வைக்கக் கூடாது, வைத்தால் தங்கை மறுபடி ரேக்குக்குப் பின்னால்தான் நிற்பார். இதோடு இன்னொன்றும் நடக்க வேண்டும். கூட்ட நாளில் விற்கும் ஒவ்வொரு பிரதியும் கடையின் பில்லில் விற்க வேண்டும். தனி மேசை கூடாது.

கிளை நூலகர்:
சந்தாவுக்கு நான் சம்மதிக்கிறேன், முதல் ஆளாகக் கட்டவும் செய்கிறேன். கதவருகே கட்டணம் என்றால் இப்போதும் எதிர்ப்புத்தான்.

பீளமேட்டு வாசகி:
நாற்பது பேர் சேருவார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. சேராவிட்டால் கட்டணத்துக்குத்தான் திரும்ப வேண்டும், அப்போது யாரும் கடைக்காரரைக் குறை சொல்லக் கூடாது. இந்தத் தொடரை அப்படியே அவருக்கு அனுப்புகிறேன், வாழ்த்துரைகள் பற்றி நான் எழுதியதையும் சேர்த்து. சிறுபதிப்பாளர் ஐயா, கடை பில் விஷயத்தில் உங்கள் பதில் என்ன?

சிறுபதிப்பாளர்:
கூட்டத்தில் விற்ற பிரதிகளுக்கு அந்த வாரத்துக்குள் பணம் தருவதாகக் கடை எழுதித் தரட்டும். நான் பெட்டியைப் பின்பக்கம் இறக்கி, ரசீது வாங்கிக்கொண்டு, வாசகரோடு உட்கார்ந்து கேட்கிறேன்.