சாரல் காலத்தில் வீட்டுக்குள் சின்ன பாம்புச்செடி: தண்ணீர், மண், இடம்?

சாரல்வாசல் (செங்கோட்டை) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். புனலூரில் ரோட்டோர நர்சரி ஒன்றில் சின்ன பாம்புச்செடி ஒன்று வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். நெட்டையாக வளரும் ரகம் இல்லை. இலைகள் குட்டையாக, சுற்றிலும் விரிந்து, நடுவில் குழி விழுந்த மாதிரி இருக்கும் ரகம். ஒரு சாண் உயரம்கூட இல்லை. இலை ஓரத்தில் அகலமாக மஞ்சள் பட்டை. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியோடு கொடுத்தார்கள். உள்ளே மண்ணே இல்லை, முழுக்கத் தேங்காய் நார்த்தூள்தான் தெரிகிறது.

எங்களுடையது பழைய ஓட்டு வீடு. முன்கட்டில் கிழக்குப் பார்த்த ஒரே ஒரு ஜன்னல். பின்கட்டு பகலிலும் லைட் போட்டால்தான் தெரியும். ஜூன் பிறந்தால் சாரல் தொடங்கிவிடும், உங்களுக்கே தெரியும். அப்புறம் ஆவணி வரைக்கும் துணி காயாது, உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டுக்கொள்ளும், அலமாரியில் வைத்த செருப்பில் பூஞ்சை பிடிக்கும்.

எதிர்வீட்டு அக்கா இதே செடியைத்தான் போன ஆடியில் பறிகொடுத்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒருநாள் இலையைத் தொட்டதும் அடியில் கொழகொழவென்று கையோடு வந்துவிட்டது. "எனக்குக் கைராசி இல்லை" என்று சொல்லிச் செடி வளர்ப்பதையே விட்டுவிட்டார்கள். என் செடிக்கு அப்படி ஆகக்கூடாது.

சாரலுக்கு முன்பே தொட்டி மாற்றிவிடலாமா? தண்ணீர் எப்போது ஊற்ற வேண்டும்? எங்கே வைக்க வேண்டும்? பெயரிலேயே பாம்பு இருக்கிறதே, வீட்டுக்குள் வைக்கலாமா என்று அத்தை கேட்கிறார்கள், அவர்களுக்கும் ஒரு பதில் வேண்டும். சுரண்டையில் இருக்கும் தங்கச்சி ஒரு இலை வெட்டிக் கொடு என்கிறாள். இவ்வளவு சின்னச் செடியில் இலை வெட்டலாமா?

---

குழித்துறை மாடி:

அக்கா, இது சாகவே சாகாத செடி, பயப்படாதீர்கள். எங்கள் வீட்டில் நெட்டை ரகம் ஹாலில் நிற்கிறது. வாரத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். பெட்ரூமில் வையுங்கள். ராத்திரியில் ஆக்ஸிஜன் விடும், காற்றில் இருக்கிற நச்சை எல்லாம் எடுத்துவிடும் என்று நாசாவே சொல்லியிருக்கிறது. எங்கள் பக்கமும் மழைக்குக் குறைவில்லை, ஒன்றும் ஆகவில்லை.

---

கொழிஞ்சாம்பாறை நர்சரி:

பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறையில் சின்னதாக நர்சரி நடத்துகிறேன். வாளையாருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இந்தச் செடியை நிறைய விற்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லுங்கள், கைராசி என்று ஒன்றும் இல்லை. அந்தச் செடியைக் கொன்றது தொட்டியில் இருந்த நார்த்தூள். நர்சரியில் நார்த்தூளில் வளர்ப்பதற்குக் காரணம் உண்டு. எடை குறைவு, லாரியில் ஏற்றலாம், வேர் சீக்கிரம் ஓடும். அங்கே மேலே நிழல்வலை, சுற்றிலும் காற்று, நல்ல வெளிச்சம் எல்லாம் இருப்பதால் ஊற்றிய தண்ணீர் காய்ந்துவிடும். அதே தொட்டி செங்கோட்டையில் ஓட்டு வீட்டுக்குள், ஆடி மாதத்தில் போய் உட்கார்ந்தால் நார்த்தூள் குடித்த தண்ணீரை விடவே விடாது. விற்கும்போதே இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பலர் சொல்வதில்லை. செடி செத்ததும் வாங்கியவர்கள் தங்களையே நொந்துகொள்கிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம்.

வாரம் ஒரு டம்ளர் என்று தம்பி சொன்னது அவர் வீட்டு வெளிச்சத்துக்கும் தொட்டிக்கும் சரியாக இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கை ஊர்விட்டு ஊர் கொண்டுபோக முடியாது. எங்கள் ஊரும் உங்கள் ஊரும் கணவாய் வாசலில்தான் இருக்கின்றன. உங்களுக்கு ஆரியங்காவு வழியாகச் சாரல் வந்து இறங்குகிறது. எங்கள் பக்கம் மழைமறைவு, கேரளத்தின் மற்ற இடங்களைவிட மழை குறைவு. அதோடு பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொட்டியைச் சீக்கிரம் காயவைத்துவிடும். ஒரே செடிக்கு இங்கே ஒரு கணக்கு, அங்கே ஒரு கணக்கு.

இந்தச் செடி தண்ணீர் குடிக்கிற விதமே வேறு. பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா, நைஜீரியாவிலிருந்து காங்கோ வரை. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறக்கும். இது வெயிலில் மூடி வைத்துக்கொண்டு ராத்திரியில்தான் திறக்கும். அப்போது கரியமிலவாயுவை உள்ளே இழுத்து அமிலமாகச் சேர்த்து வைத்து, மறுநாள் வெளிச்சத்தில் உணவாக்கும். வெயில் நேரத்தில் துளை மூடியிருப்பதால் இலை வழியாகத் தண்ணீர் வீணாவது மிகக் குறைவு. வேர் குடிப்பதும் அதே அளவுக்குக் குறைவு. காற்றும் ஈரமாக இருந்துவிட்டால் தொட்டி காய வேறு வழியே இல்லை. ஈரத்திலேயே நிற்கும் வேருக்கு மூச்சு கிடைக்காது. பூஞ்சை புகுந்து கிழங்கு அழுகும். இலையில் சேமித்த தண்ணீர் இருப்பதால் மேலே ரொம்ப நாள் பச்சையாகவே தெரியும். எதிர்வீட்டில் நடந்தது இதுதான். கண்ணுக்குத் தெரியும்போது அடியில் எல்லாம் முடிந்திருக்கும்.

தம்பி, ராத்திரி ஆக்ஸிஜன் என்ற பேச்சும் இதிலிருந்து வந்ததுதான். ராத்திரியில் கரியமிலவாயுவை எடுப்பது உண்மை. ஆனால் ஆக்ஸிஜன் உண்டாவது வெளிச்சத்தில்தான். நாசா ஆய்வும் உண்மை, 1989-ல் வந்தது. ஆனால் அது காற்றுப் புகாத சின்னப் பெட்டிக்குள் செடியை வைத்துச் செய்த சோதனை. ஜன்னலும் கதவும் உள்ள வீட்டில் அந்தப் பலன் வர வேண்டுமானால் அறை கொள்ளாத அளவுக்குச் செடி வேண்டும் என்று 2019-ல் பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தவர்கள் எழுதினார்கள். அழகுக்காகவே இதை வளர்க்கலாம், வேறு காரணம் தேவையில்லை.

சரி, இனி மண். சாரல் தொடங்க இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். இடம் மாறிய வேர் கொஞ்சம் நிலைகொண்டுவிடும். இரண்டு பங்கு பருமணல், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழுவுரம். ஆற்று மணல் இப்போது எங்கே கிடைக்கிறது, எம்-சாண்ட் போதும். ஆனால் அதைத் தண்ணீரில் நாலைந்து தடவை அலசி, மேலே மிதந்து வருகிற மாவை எல்லாம் ஊற்றிவிட வேண்டும். அந்த மாவோடு போட்டால் இறுகிப்போய் வேர் போகாது. செங்கல்லைப் பட்டாணி அளவுக்கு உடைத்து, மணலில் பாதிக்கு அதைச் சேர்த்தால் இன்னும் நல்லது. அடியில் ஜல்லி அடுக்கினால் தண்ணீர் வடியும் என்பார்கள். அது தப்பு. ஜல்லிக்கு மேலே இருக்கும் மண்ணில்தான் ஈரம் தேங்கி நிற்கும். ஜல்லியை மண் முழுக்கக் கலந்துவிடுங்கள், துளை அடையாமல் ஒரு ஓட்டுச் சில்லு மட்டும் வைத்தால் போதும்.

தொட்டி மண் தொட்டியாக இருக்கட்டும், பெயின்ட் அடிக்காதது. சுவர் வழியாகவும் ஈரம் போகும். இப்போதுள்ள தொட்டியைவிட ஒரு அங்குலம் பெரியது போதும். பெரிய தொட்டியில் வேர் இல்லாத மண்தான் அதிகம், அதில்தான் தண்ணீர் நிற்கும். இந்தச் செடி நெருக்கத்திலேயே நன்றாக வரும்.

தண்ணீருக்கு ஒரு வழி சொல்கிறேன், நாள் எண்ண வேண்டாம். துடைப்பத்திலிருந்து ஒரு காய்ந்த ஈர்க்கை எடுத்துத் தொட்டி ஓரமாக அடி வரைக்கும் இறக்குங்கள். கால் மணி நேரம் கழித்து உருவிப் பாருங்கள். முனையில் மண் ஒட்டியிருந்தாலோ, நிறம் கறுத்துக் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருந்தாலோ ஊற்றாதீர்கள். காய்ந்து சுத்தமாக வந்தால் அடித்துளை வழியாக வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். சாரல் காலத்தில் மாதம் ஒரு தடவைகூடத் தேவைப்படாமல் போகலாம். அப்போது உரமும் வேண்டாம். இலை லேசாகச் சுருங்கி வரி விழுந்தால் ஒரு தடவை ஊற்றியதும் நிமிர்ந்துவிடும், தாகத்தால் இது எளிதில் சாகாது.

உங்கள் ரகத்துக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. நடுவில் குழி இருக்கிறது என்றீர்களே, அதில் தண்ணீர் படவே கூடாது. குருத்து அங்கேதான் இருக்கிறது. வெயில் காலத்தில் விழுந்தால் காய்ந்துவிடும், சாரலில் அப்படியே நின்று குருத்து அழுகும். மூக்கு நீண்ட குவளையால் ஓரமாக மண்ணில் ஊற்றுங்கள். தவறி விழுந்தால் துணித் திரியை விட்டு ஒற்றி எடுங்கள்.

இடம் என்று கேட்டால் கிழக்கு ஜன்னல்தான். ஜன்னலிலிருந்து ஒரு கை தூரத்துக்குள் வையுங்கள், சாரல் மட்டும் அடிக்கக் கூடாது. இருட்டிலும் வளரும் என்று விற்பார்கள். இருட்டைத் தாங்கும், வளராது. வெளிச்சம் குறைந்தால் தண்ணீர் குடிப்பதும் குறையும், மஞ்சளும் மங்கும். பின்கட்டு வேண்டாம்.

---

சாரல்வாசல்:

ரொம்ப நன்றி அண்ணா. படித்த கையோடு ஈர்க்கு குத்திப் பார்த்தேன். மேலே விரல் வைத்தால் பொடியாக இருக்கிறது, ஈர்க்கின் அடிப்பாதி கறுத்து நார்த்தூள் அப்பிக்கொண்டு வருகிறது. வாங்கியதிலிருந்து நான் தண்ணீரே ஊற்றவில்லை!

தொட்டியைக் கவிழ்த்துத் தட்டி வெளியே எடுத்தேன். வேர்க்கட்டைச் சுற்றி வெள்ளையாக மெல்லிய வலைப்பை ஒன்று இருக்கிறது. உள்ளே விரல் தடிமனில் ஆரஞ்சு நிறக் கிழங்கு. அது நோயா? அழுத்தினால் கெட்டியாக இருக்கிறது, நாற்றமும் இல்லை. பக்கத்தில் கூர்மையாக ஒரு சின்ன முளையும் நிற்கிறது.

---

கொழிஞ்சாம்பாறை நர்சரி:

கிழங்கின் நிறமே அதுதான், நோய் இல்லை. கெட்டியாக இருந்தால் செடி நல்ல சுகம். பழுப்பாகி, அழுத்தினால் அமுங்கி, அழுகல் வாடை வந்தால்தான் வெட்டி எடுக்க வேண்டும்.

அந்த வலைப்பையைக் கத்தரித்து எடுத்துவிடுங்கள். சின்னக் கன்றாக இருக்கும்போது போட்டது. கிழங்கு பெருக்கும்போது நெருக்கும். வேர் அதில் பின்னியிருந்தால் இழுக்காமல் துண்டு துண்டாக வெட்டுங்கள், கொஞ்சம் உள்ளே தங்கினாலும் பாதகமில்லை. நார்த்தூளை முடிந்தவரை உதிர்த்துவிட்டு, செடியை நிழலில் ஒருநாள் காயவிட்டுப் புது மண்ணில் வையுங்கள். கிழங்கு மண்ணுக்குக் கொஞ்சம் கீழே இருந்தால் போதும், இலை மண்ணுக்குள் போகக் கூடாது. வைத்த உடனே தண்ணீர் வேண்டாம், ஒரு வாரம் போகட்டும். முறிந்த வேர் அதற்குள் ஆறிவிடும்.

---

கம்பம் பூனைவீடு:

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். வீட்டில் பூனை, நாய் இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள். இலையில் சப்போனின் இருக்கிறது. மென்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். எங்கள் பூனைக்குக் குட்டை ரகம்தான் ஆபத்து, இலை அதன் வாய்க்கு நேராக இருக்கிறது. தவழும் குழந்தை இருந்தாலும் அப்படித்தான். எங்கள் வீட்டில் ஜன்னல் கம்பியில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டிருக்கிறோம்.

அப்புறம் இலையிடுக்கில் பஞ்சு ஒட்டிய மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் மாவுப்பூச்சி. மருந்துக்கடை ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் போய்விடும். குட்டை ரகத்தில் இடுக்கு அதிகம், டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

---

சாரல்வாசல்:

பூனை இல்லை, ஆனால் அண்ணன் மகன் தவழ்கிறான். மேலேயே வைக்கிறேன். நன்றி அக்கா. அத்தை கேள்வியும் தங்கச்சி கேள்வியும் மிச்சம் இருக்கிறது!

---

கொழிஞ்சாம்பாறை நர்சரி:

அத்தையிடம் இப்படிச் சொல்லுங்கள். இலையில் இருக்கும் குறுக்குப் பட்டைகளைப் பார்த்து வந்த பெயர்தான் அது. எங்கள் பக்கம் மலையாளத்திலும் சர்ப்பப்போளை என்பார்கள். அது பாம்பைக் கூப்பிடவும் செய்யாது, விரட்டவும் செய்யாது. அதோடு இது நமக்கு அந்நியமும் இல்லை. காய்ந்த குன்றுகளில் வளருமே மருள், நார் உரித்துக் கயிறு திரிப்பார்களே, அது இதன் பங்காளி. அத்தை சின்ன வயதில் அதைப் பார்த்திருப்பார்கள். மருள் என்றதும் அவர்களே நாலு விஷயம் சொல்லக்கூடும், கேட்டுப் பாருங்கள். எனக்கும் எழுதுங்கள்.

தங்கச்சிக்கு இலை வெட்டிக் கொடுக்க வேண்டாம். இலைத்துண்டை நட்டால் வேர் விடும், கன்றும் வரும், ஆனால் மஞ்சள் பட்டை வராது. வெறும் பச்சையாகத்தான் முளைக்கும். மஞ்சள் ஓரம் என்பது இலையின் ஒரு அடுக்கில் மட்டும் ஏற்பட்ட மாற்றம். இலைத்துண்டிலிருந்து புதிதாக முளைக்கும் கன்றுக்கு அந்த அடுக்கு ஒழுங்காகப் போய்ச் சேராது. உங்கள் குட்டை ரகமே அப்படித் தானாக மாறி வந்ததுதான். 1939-ல் அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நர்சரி ஒன்றில் நெட்டைச் செடிகளுக்கு நடுவே முளைத்ததைக் கண்டெடுத்துப் பெருக்கினார்கள், 1941-ல் காப்புரிமையும் வாங்கினார்கள். மஞ்சள் ரகம் அதிலிருந்து பிறகு வந்தது.

கிழங்குக்குப் பக்கத்தில் ஒரு முளை நிற்கிறது என்றீர்கள் அல்லவா, தங்கச்சிக்கு அதுதான். அதை இப்போது தொடாதீர்கள். சாரல் முடியட்டும், அது மூன்று நாலு இலை விட்டுத் தனக்கென்று வேர் இறக்கட்டும். வடகிழக்குப் பருவ மழையும் கழிந்து, தை மாசி வெயில் ஏறும்போது சுத்தமான கத்தியால் கிழங்கை வெட்டிப் பிரியுங்கள். வெட்டுவாயில் கரித்தூள் தடவி இரண்டு நாள் காயவைத்து நட்டால் மஞ்சளோடு அப்படியே வரும். சுரண்டை உங்கள் ஊரைவிடக் காய்ந்த ஊர், அங்கே தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். ஈர்க்கையும் சேர்த்தே கொடுத்தனுப்புங்கள்.