மலேயிக் அமிலம் முழுசா பியூமரிக் அமிலம் ஆயிடுச்சான்னு உறுதி செய்ய வழி சொல்லுங்க

மலேயிக்கை பியூமரிக்கா மாத்துற செய்முறையில உருகுநிலை ஒத்து வரல. திங்கட்கிழமை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குச் செய்து காட்டணும்.

செய்தது: மலேயிக் அமிலம் 5 கிராம், தண்ணீர் 10 மி.லி., அடர் ஹைட்ரோகுளோரிக் 10 மி.லி., 30 நிமிடம் ரிஃப்ளக்ஸ் (ஆவி குளிர்ந்து திரும்ப உள்ளேயே விழற மாதிரி கொதிக்கவைக்கிறது). கொதிக்கும்போதே வெள்ளைப் படிகம் கொட்டிடுச்சு. ஐஸ் தண்ணீர்ல 5 மி.லி. வீதம் ரெண்டு தடவை கழுவி, 60 டிகிரி அவன்ல ஒரு மணி நேரம் காயவெச்சா 3.2 கிராம்.

பிரச்சினை: உருகுநிலை பாக்குற மெல்லிய கண்ணாடிக் குழாயில (கேபிலரி) 130 டிகிரி பக்கம் ஓரமா லேசா ஈரம் கோக்குது. மீதி உருகவே இல்ல. 200 தாண்டினதும் பதங்கமாகி (உருகாமலே ஆவியாகி), குழாயோட மேல்பக்கம் வெள்ளையா ஒட்டிக்குது. பியூமரிக் உருக 287 டிகிரி வேணும், அதுவும் ரெண்டு முனையும் மூடின குழாயில. எங்க தீல் குழாயில (உருகுநிலை பாக்க எண்ணெய் ஊத்தி சூடாக்குற குழாய்) இருக்குற லிக்விட் பாரஃபின் அவ்வளவு சூடு தாங்காது. மலேயிக்குக்கு 135 பக்கம், அதனாலதான் சந்தேகம்.

40 மி.லி. கொதிநீர்ல மறுபடிகமாக்கி 2.8 கிராம் எடுத்தும் அதே ஈரம். டைட்ரேஷன் உதவல: வாய்பாடு ஒண்ணு, ரெண்டுமே இருகாரத்துவம் (ஒரு மூலக்கூறு ரெண்டு காரத்தை நடுநிலையாக்கும்). எதை 0.116 கிராம் எடுத்தாலும் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 20 மி.லி.தான். புரோமின் நீரும் ரெண்டுலயும் நிறம் போகுது. வித்தியாசம் இரட்டைப் பிணைப்போட எந்தப் பக்கம் கார்பாக்சில் இருக்குங்கிறதுல மட்டும்தானே!

அந்த 130 டிகிரி ஈரம் மிஞ்சின மலேயிக்கா, காயாத தண்ணீரா? ஐ.ஆர். (அகச்சிவப்பு நிறமாலை) கருவி இல்லாம இதைப் பிரிச்சறிய என்ன சோதனை செய்யலாம்?