உப்புக் கொட்டிய வாசல்

குழு: நம்ம வரிசை வீடுகள், ஸ்காபரோ, கனடா

வசந்தி அக்கா (காலை 7:12): படத்தைப் பாருங்கள். ஸ்னோ வழிக்கும் கொன்ட்ராக்டர் என் படியில் உப்பளம் திறந்துவிட்டாரா? ஸ்னோ இரண்டு விரல்கூட இல்லை, உப்பு அதைவிட உயரம்!

குமார்: நேற்றுச் சறுக்கி விழுந்தவன் நான். கொட்டட்டும் அக்கா. இடுப்பு இன்னும் நோகிறது.

நிரோஷி: பாவம் குமார் அண்ணை. ஆனால் இன்று மைனஸ் 18. மைனஸ் 10க்குக் கீழே போனால் சாதாரண உப்பு ஐஸைப் பெரிதாக உருக்காது. சும்மா கிடந்து, பிறகு வடிகானுக்குள் போகும். இந்தக் குளிருக்கு மணல்தான் கால் பிடிக்கும்.

சிவா மாமா: கானுக்குள் போனால் ஏரிக்குப் போய்விடும்தானே பிள்ளை. ஒன்ராறியோ ஏரி என்ன சின்னக் குளமா?

நிரோஷி: முழுக்கப் போகாது மாமா. நான் படித்த கம்பஸ் ஹைலண்ட் கிறீக் கரையில்தானே. அந்த ஓடையை ஆராய்ந்து 1993இலேயே எழுதிவிட்டார்கள். ஒரு வருடம் கொட்டும் உப்பில் 45 வீதம்தான் ஓடையோடு வெளியேறுகிறது. மிச்சம் நிலத்தடி நீரில் தங்குகிறது.

நிரோஷி: ஆகஸ்டில் மழை இல்லாதபோதும் ஓடை ஓடுகிறதே, அது நிலத்துக்குள் இருந்து ஊறும் தண்ணீர். அதோடு பழைய உப்பும் வருகிறது.

சிவா மாமா: அப்போ ஊரில் கிணறு உவரானது மாதிரி. மெஷின் வைத்து விடிய விடிய இறைத்தோம், கடல் உள்ளே வந்தது.

நிரோஷி: ஓம். இங்கே லொறியில் வருகிறது 😄

குமார்: குழாய்த் தண்ணீர் கரிக்கவில்லையே?

நிரோஷி: நமக்கு ஏரித் தண்ணீர். கிச்சினர், வாட்டர்லூ பக்கம் பெரும்பாலும் கிணறுகள், சிலதில் உப்பு ஏறிக்கொண்டே வருகிறது. லீற்றருக்கு 250 மில்லிகிராம் குளோரைட்டு (உப்பில் ஒரு பாதி அதுதான், மற்றது சோடியம்) அளவில்தான் நாக்குக்குத் தெரியும். ஓடையில் வாழும் உயிர்களுக்கோ நெடுநாள் 120ஐத் தாண்டவே கூடாது என்பது கனடாவின் வரம்பு.

வசந்தி அக்கா: ஐயோ, தங்கச்சி கிச்சினரில்தான். பிறசர் வேறு. கொதிக்கவைத்தால் போகாதா?

நிரோஷி: போகாது அக்கா, தண்ணீர்தான் ஆவியாகும். சோடியம் லீற்றருக்கு 20 மில்லிகிராம் தாண்டினாலே சுகாதார அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்று ஒன்ராறியோவில் விதி இருக்கிறது, பிறசர்காரரை நினைத்துத்தான். டொக்டரிடம் ஒரு சொல் கேட்கச் சொல்லுங்கள். வீட்டில் கடின நீரை மென்மையாக்கும் சொஃப்ற்னர் இருந்தால் அதுவும் சோடியம் சேர்க்கும்.

குமார்: சரி, நான் மறுபடி விழவா?

நிரோஷி: முதலில் ஸ்னோவை நன்றாக வழிக்க வேண்டும். அப்புறம் ஒரு கோப்பி மக் உப்பு, 20 அடி ட்ரைவ்வேக்குக் காணும்.

வசந்தி அக்கா: கொன்ட்ராக்டருக்கு யார் சொல்வது? யாராவது விழுந்து வழக்குப் போடுவார்கள் என்ற பயத்தில்தான் அந்த மனுஷன் அள்ளிக் கொட்டுகிறது.

சிவா மாமா: நான் பேசுகிறேன். குமார், நீ வழக்குப் போட மாட்டாய்தானே?

குமார்: சித்தாலேப தைலம் இருந்தால் கொடுத்துவிடுங்கள் மாமா, யோசிக்கிறேன்.