சுமாரான பேஸ்பால் அணிகளில் எது பருவத்தின் பின்பாதியில் எழும்? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

ஜூன் மாதம் வந்தால் வெற்றியும் தோல்வியும் ஏறக்குறையச் சமமாக இருக்கும் அணிகள் பல நிற்கும். அவற்றில் ஒன்று மேலே வரும் என்று முன்பே கணித்தவர்கள், எதைப் பார்த்துக் கணித்தீர்கள்?

வாஷிங்டன் ரசிகர்:
2019 மே மாதம் எங்கள் நேஷனல்ஸ் அணி நியூயார்க் சென்று மெட்ஸிடம் நான்கு ஆட்டங்களையும் இழந்தது. 19 வெற்றி, 31 தோல்வி. மேலாளர் டேவ் மார்டினெஸை நீக்கு என்று ரசிகர்கள் கொதித்தார்கள். எனக்கு அப்போதும் நம்பிக்கை இருந்தது, காரணம் சொல்கிறேன். அந்தத் தொடரின் கடைசி இரண்டு ஆட்டங்களிலும் நாங்கள் முன்னிலையில் இருந்தோம். இரண்டையும் எட்டாவது இன்னிங்ஸில், மாற்றுப் பிட்சர்கள் (பந்தெறிபவர்கள்) வந்த பிறகு பறிகொடுத்தோம். ஷெர்சர், ஸ்ட்ராஸ்பர்க், கார்பின் என்ற மூன்று நல்ல பிட்சர்கள் ஆட்டத்தைத் தொடங்கும் அணியைக் கடைசி வரை கீழேயே வைத்திருக்க முடியாது. விரல் முறிந்திருந்த ட்ரே டர்னரும் அந்த மாதம்தான் திரும்பியிருந்தார்.

எல்லோரும் ரன் வித்தியாசத்தை, அதாவது அடித்த ரன்களிலிருந்து கொடுத்த ரன்களைக் கழித்தால் வருவதை, பார்க்கச் சொல்வார்கள். எங்களுக்கு அன்று அதுவும் கழித்தலில்தான் இருந்தது. ஆனால் ரன்கள் எந்த இடத்தில் ஒழுகுகின்றன என்று பார்த்தால், ஓட்டை புல்பென்னில், அதாவது மாற்றுப் பிட்சர்களின் குழுவில், இருந்தது. ஒரு பருவத்தின் நடுவே எளிதாகச் சரிசெய்யக்கூடிய பகுதி அதுதான். ஜூலை இறுதியில் மாற்றுப் பிட்சர் டேனியல் ஹட்சன் வந்தார். மே மாத அந்தத் தொடருக்குப் பிறகு 74 வெற்றி, 38 தோல்வி. கோப்பைக்கான இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸை நாங்கள் வென்ற ஏழாவது ஆட்டத்தின் கடைசி அவுட்டை எடுத்தவரும் ஹட்சனே.

அட்லாண்டா வாசி:
எங்கள் கதையும் இதே வகைதான். 2021 ஜூலை 10 அன்று எங்கள் பிரேவ்ஸ் அணியின் அவுட்ஃபீல்டர் (மைதானத்தின் வெளிப்பகுதியைக் காப்பவர்) அக்கூன்யாவின் முழங்கால் தசைநார் கிழிந்தது. பருவம் முடிந்தது என்று பலர் எழுதினார்கள். பிரேவ்ஸ் ஆகஸ்ட் 6 வரை ஒரு நாள்கூடத் தோல்வியை விட அதிக வெற்றியோடு இருந்ததில்லை. ஆனாலும் கொடுத்ததை விட அதிக ரன்கள் அடித்திருந்தார்கள். குறை அவுட்ஃபீல்டில் மட்டும் என்பது தெளிவு. நிர்வாகம் பீடர்சன், டுவால், சோலேர், ரொசாரியோ என நால்வரை ஜூலைக்குள் கொண்டுவந்தது. 88 வெற்றியோடு முடித்துக் கோப்பையையும் வென்றோம். வேர்ல்ட் சீரிஸின் சிறந்த வீரர் சோலேர்.

சான் டியேகோவிலிருந்து:
கணிப்பு சரியாக இருந்தும் நாள்கள் போதாமல் போவது உண்டு, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸின் சூத்திரப்படி, அடித்த ரன்களின் வர்க்கத்தை, அடித்ததும் கொடுத்ததுமான ரன்களின் வர்க்கங்களைக் கூட்டி வரும் எண்ணால் வகுத்தால் எதிர்பார்க்கக்கூடிய வெற்றி விகிதம் கிடைக்கும். எங்கள் 2023 பாட்ரெஸ் அணிக்கு அது 162 ஆட்டங்களில் 92, 93 வெற்றியைக் காட்டியது. கிடைத்தது 82. ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் 9 வெற்றி, 23 தோல்வி. கூடுதல் இன்னிங்ஸ் ஆட்டங்களில் 2 வெற்றி, 12 தோல்வி. இவ்வளவு மோசமான எண்கள் நீடிக்காது என்று கோடை முழுவதும் நண்பர்களிடம் வாதாடினேன். செப்டம்பரில் உண்மையிலேயே மாறியது, ஆனால் பிளேஆஃபுக்கு (பருவம் முடிந்தபின் நடக்கும் நாக்அவுட் சுற்றுகளுக்கு) எட்டவில்லை. அதனால் இப்போது ரன் கணக்கோடு, எத்தனை ஆட்டங்கள் மிச்சம், முன்னே எத்தனை அணிகள் என்பதையும் பார்க்கிறேன்.

டெட்ராய்ட் ரசிகர்:
எங்கள் 2024 டைகர்ஸ் அணி உங்கள் மூவரின் கணக்கிலும் அடங்காது. ஜூலை இறுதியில் நல்ல பிட்சரான ஃப்ளாஹர்ட்டியை டாட்ஜர்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆகஸ்ட் 10 அன்று 55 வெற்றி, 63 தோல்வி. அதன்பின் 44 ஆட்டங்களில் 31 வெற்றி, பிளேஆஃப் இடம். ஸ்கூபல் ஒருவரைத் தவிர நிலையான தொடக்கப் பிட்சர் இல்லாததால், மேலாளர் ஹின்ச் பல ஆட்டங்களைப் புல்பென்னைக் கொண்டே பகுதி பகுதியாக ஓட்டினார். இளைஞர்களுக்கு ஆடும் வாய்ப்பு கிடைத்தது. வீரர்களை விற்ற அணி என்று ஜூலையிலேயே பட்டியலிலிருந்து அடித்துவிடாதீர்கள்; விற்றபின் அந்த இடத்தில் யாரை ஆடவிடுகிறார்கள் என்று இரண்டு வாரமாவது கவனியுங்கள்.