மறு: அந்தக் காலத்து ஹோம்பேஜுக்குத் தமிழில் என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம். தொண்ணூறுகளில் தனியாட்கள் தாங்களே கட்டி இணையத்தில் வைத்திருந்த 'ஹோம்பேஜ்' பக்கங்களுக்கு நம் சொற்பட்டியலில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது. இடையில் வரும் கேள்விகள் குழுவில் நீங்கள் எழுப்பியவை.

> 'தனிப்பட்ட இணையத்தளம்' என்று ஏற்கெனவே புழங்குகிறதே. புதுச்சொல் எதற்கு?

ஐயா கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் 'தனிப்பட்ட' என்றதுமே நம் காதில் விழுவது தனிப்பட்ட தகவல், தனிப்பட்ட விவகாரம் என்பவைதான். பிறர் பார்க்கக் கூடாதது என்ற பொருள் அதில் ஊறிவிட்டது. நாம் பேசுவதோ, யார் வேண்டுமானாலும் வரட்டும் என்று திறந்து வைத்திருந்த பக்கங்களைப் பற்றி. சிங்கப்பூர்த் தமிழ்மொழி விழாவில் இளையர்களிடம் இந்தச் சொல்லைச் சொன்னால் கடவுச்சொல் போட்டுப் பூட்டிய தளம் என்றுதான் நினைப்பார்கள். 'முகப்புப் பக்கம்' வேறு வேலைக்குப் போய்விட்டது. இன்று அது எந்தத் தளத்துக்கும் முதல் பக்கம், அவ்வளவுதான்.

> 'சொந்தத்தளம்' எளிமையாக இருக்கிறதே?

எனக்கும் முதலில் இதுதான் பிடித்தது. சொந்த வீடு, வாடகை வீடு என்ற வேறுபாடு நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் உண்மை நிலவரம் வேறு. அந்தப் பக்கங்களில் பெரும்பாலானவை இலவச இடத்தில் இருந்தவை. இலவசமாகப் பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1994இல் தொடங்கியது. தளங்களைப் பேட்டை பேட்டையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வீட்டு எண் மாதிரி ஓர் எண் கொடுத்தார்கள். இலக்கியம், தத்துவம், கல்வி பற்றி எழுதுகிறவர்கள் 'ஏதென்ஸ்' பேட்டையில் இருப்பார்கள். 1999இல் யாஹூ வாங்கியது, 2009 அக்டோபரில் இழுத்து மூடியது. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு முடிந்தவரை நகலெடுத்துக் காப்பாற்றாமல் இருந்திருந்தால் இன்னும் எவ்வளவோ போயிருக்கும். இடம் சொந்தமாக இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது. ஆகவே 'சொந்தம்' என்பது அந்தப் பக்கங்களின் பொது இயல்பு அல்ல.

அப்படியானால் பொது இயல்பு எது? ஒரு பக்கத்தைக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். உட்லண்ட்ஸில் இருந்த என் மாமா பழமொழிகளைத் தொகுத்து ஒரு பக்கம் வைத்திருந்தார். வெளிர் மஞ்சள் பின்னணி. மேலே சிவப்பில் ஒரு வரி: 'மயிலை எழுத்துருவை இறக்கிக்கொண்டு, நெட்ஸ்கேப்பில் யூசர் டிஃபைண்ட் என மாற்றிப் படிக்கவும்.' நெட்ஸ்கேப் அன்றைய உலாவி. அதைச் செய்யாமல் திறந்தால் படிக்க முடியாத எழுத்துகள் வரிசையாக நிற்கும். கீழே வருகை எண்ணி, அதற்குப் பக்கத்தில் 'வேலை நடக்கிறது' என்று காட்டும் அசைபடத்தில் மண்வெட்டியோடு ஓர் ஆள் தோண்டிக்கொண்டே இருப்பார். பக்கத்தை வடிவமைக்கும் எச்டிஎம்எல் குறிகளை மாமா நோட்பேடில் ஒவ்வொன்றாக அடிப்பார். ஒரு குறியை மூட மறந்தால் மீதிப் பக்கம் முழுவதும் தடித்த எழுத்தாகிவிடும். தொலைபேசியில் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று உறுதியான பிறகு, ராத்திரியில் மோடத்தைப் போட்டு கோப்புகளை அனுப்பும் எஃப்டிபி வழியாக மேலே ஏற்றுவார். புதுப் பழமொழி கிடைத்தால் அகர வரிசையில் எங்கே வர வேண்டுமோ அங்கே செருகுவார். தேதியெல்லாம் கிடையாது. வலைப்பதிவிலிருந்து இது மாறுபடும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். வலைப்பதிவில் புதியது மேலே ஏறப் பழையது கீழே போய்க்கொண்டே இருக்கும். இந்தப் பக்கமோ திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டு, ஒரே இடத்தில் வளரும்.

தமிழ்ப் பக்கங்களில் கைவேலை எழுத்து வரைக்கும் போயிற்று. இங்கே நா. கோவிந்தசாமி கணியன் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த சிங்கப்பூர்க் கவிதைத் தளத்தில் தமிழும் ஏறியதற்கு அவர் உழைப்புதான் காரணம். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்ற மென்பொருளைச் செய்தார், சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் மயிலை செய்தார். ஆளுக்கொரு குறியாக்கம், அதாவது எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் முறை, இருந்ததால்தான் 1997இல் இங்கே மாநாடு கூட்டிப் பேச வேண்டி வந்தது. அந்த மாநாட்டை இன்றைக்கு நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது என்பது எனக்கு வருத்தம்தான்.

ஆக, இவற்றையெல்லாம் சேர்த்துப் பிடிக்கும் இயல்பு கைவேலை. என் பரிந்துரை: கைத்தளம்.

கைத்தறி, கைமருந்து, கைமுறுக்கு என்று நம்மிடம் வழக்கு இருக்கிறது. கைமுறுக்கு என்றால் அச்சில் பிழியாமல் விரலால் சுற்றியது என்று தேக்கா கடைகளில் வாங்குகிற எல்லாருக்கும் தெரியும். ஃபேஸ்புக் பக்கம் எல்லாருக்கும் ஒரே அச்சு. கைத்தளத்தில் சுற்று கொஞ்சம் கோணலாக இருக்கும், ஆனால் சுற்றியவர் யார் என்று தெரியும். ஜியோசிட்டீஸிலேயே குறி எழுதாமல் பக்கம் கட்டும் பேஜ்பில்டர் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. எதை எங்கே வைப்பது, எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் போவது என்பதை அதிலும் ஆள்தான் முடிவு செய்தார்.

> 'கை' என்றால் கைத்தொலைபேசி என்று எடுத்துக்கொள்வார்களே?

தங்கை எழுப்பிய இந்தத் தடைதான் கனமானது. செய்தியிலும் பேச்சிலும் கைத்தொலைபேசி நம் ஊரில் நன்றாக வேரூன்றிய சொல். ஆனால் அந்தத் திரைக்கான வடிவத்தை நாம் 'கைத்தொலைபேசிப் பதிப்பு' என்றுதான் எழுதுகிறோம், 'கை' மட்டும் தனியாக நின்று அந்தப் பொருளைத் தருவதில்லை. கையேட்டைப் பார்த்து யாரும் தொலைபேசியை நினைப்பதில்லையே. இதைவிட, கையைக் குறிக்கும் 'கைத்தலம்' என்ற சொல்லோடு ஒலி குழம்பும் என்பதுதான் எனக்குக் கவலை. பேசும்போது லகரமும் ளகரமும் நம் நாக்கில் ஒன்றாகிவிடுகின்றன. எழுத்தில் சிக்கல் இல்லை, பேச்சில் சூழல் காப்பாற்றும்.

மற்ற பரிந்துரைகளில் 'வலைமனை' நல்ல சொல்தான், ஆனால் சிலர் அதைப் பொதுவாக எல்லாத் தளங்களுக்கும் எழுதி வருகிறார்கள். 'வலைக்குடில்' வேண்டாம். மாமாவின் பக்கத்தைக் குடில் என்று சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று, இது இறந்துபோன பொருளுக்கான சொல் அல்ல. 2013இல் வந்த நியோசிட்டீஸில் இன்றும் ஆட்கள் தங்கள் பக்கங்களைத் தாங்களே எழுதிக் கட்டுகிறார்கள். 'போன வாரம் ஒரு கைத்தளம் ஆரம்பித்தேன்', 'அவர் கைத்தளத்தில் படித்தேன்' என்று சொல்லிப் பாருங்கள், வாயில் தட்டாமல் வருகிறது.

பட்டியலுக்கு என் வரைவு:

கைத்தளம்: ஒருவர் தம் ஆர்வத்துக்காகத் தாமே வடிவமைத்து, தாமே எழுதிப் பராமரிக்கும் இணையத்தளம். இடம் சொந்தமாகவோ இரவலாகவோ இருக்கலாம்.

'ஆர்வத்துக்காக' என்பது இல்லாவிட்டால் வேலை தேட வைக்கும் தன்விவரப் பக்கமும் உள்ளே வந்துவிடும். அது வேண்டுமா வேண்டாமா என்று மற்றவர்கள் சொல்லுங்கள். எனக்கு வேண்டாம்.

அப்புறம், வந்தவர்கள் குறிப்பு எழுதிவிட்டுப் போகும் கெஸ்ட்புக்குக்கு அக்கா தந்த 'வருகையேடு' அருமை. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வெப்ரிங்தான் பாக்கி. ஒரே விருப்பமுடைய தளங்கள் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு இணைப்புக் கொடுத்து, கடைசியில் முதல் தளத்துக்கே திரும்புமே, அதற்கு 'தளச்சரம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். சரத்துக்கு இரண்டு முனை உண்டு, இதற்கு இல்லை. 'தளவளையம்' பொருந்துமா?

அன்புடன்,
தோ பாயோவிலிருந்து