வயலின் வித்வான் லால்குடி ஜெயராமனை நேரில் கேட்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்களேன்

நானே ஆரம்பித்து வைக்கிறேன். எண்பதுகளின் நடுவில் ஒரு டிசம்பர். சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிது, கச்சேரி சீசன் டிக்கெட்டுக்கெல்லாம் கட்டுப்படியாகாது. ஆனால் சபா கேன்டீன் பக்கம் ஒரு காபியை வாங்கிக்கொண்டு நின்றால் ஸ்பீக்கரில் கச்சேரி காதில் விழும். அன்று லால்குடி சோலோ, கூட மகன் கிருஷ்ணன். தோடி ராகத்தில் ஒரு தியாகராஜ கிருதி. எனக்கு அப்போது ராகம் கண்டுபிடிக்கத் தெரியும், சாகித்தியம், அதாவது பாட்டின் சொற்கள், தெரியாது. பக்கத்தில் ஒரு மாமி, கையில் டிபன் தட்டு, பாட்டின் வார்த்தைகளை உதட்டளவில் சொல்லிக்கொண்டே நிற்கிறார். நான் மாமியின் வாயையே பார்க்கிறேன். அவர் ஒரு சொல்லை முடிக்கும் இடத்தில் வில் முடிகிறது. நெடிலில் இழுக்கிறார், வில்லும் இழுக்கிறது. ஒற்று வந்தால் அங்கே ஒரு சின்னத் தடை. ஒரு இடத்தில்கூடச் சொல்லை நடுவில் வெட்டி மூச்சு வாங்கவில்லை. எனக்கு அதுவரை வயலின் என்றால் ராகம், வேகம், அவ்வளவுதான். அன்று காபி ஆறிப்போனது.

*

எனக்கு லால்குடிதான் சொந்த ஊர். சின்ன வயதில் விருத்தாசலம் பாசஞ்சரில் திருச்சிக்குப் போய்வந்த கூட்டம் நாங்கள். ஊர்ப் பெயர் இப்படி ஒருவரோடு ஒட்டிக்கொண்டால் ஒரு தொல்லை உண்டு: வெளியூரில் எங்கே போனாலும் "ஓ, ஜெயராமன் ஊரா?" என்பார்கள். நமக்கு ஒரு ஸ்வரம்கூடத் தெரியாது!

அவருடைய முன்னோர் ராமய்யர் தியாகராஜ சுவாமிகளின் சீடர். சுவாமிகள் எங்கள் ஊருக்கு வந்தபோது பாடியவைதான் லால்குடி பஞ்சரத்னம். தோடியில் 'கதி நீவனி', பைரவியில் 'லலிதே', காம்போதியில் 'மஹித', கல்யாணியில் 'ஈச பாஹிமாம்', மத்யமாவதியில் 'தேவ ஸ்ரீ தபஸ்தீர்த்த'. அந்தத் 'தபஸ்தீர்த்த' வேறொன்றுமில்லை, எங்கள் ஊரின் பழைய பெயரான திருத்தவத்துறைதான். சப்தரிஷீஸ்வரர் கோவில் பிராகாரத்தில் சுற்றும்போது எங்கள் அப்பா இதை ஒவ்வொரு முறையும் சொல்வார், முதல் தடவை சொல்கிற மாதிரியே. ஜெயராமனை உருவாக்கியது அவர் தகப்பனார் கோபாலய்யர். பன்னிரண்டு வயதில் பக்கவாத்தியத்துக்கு மேடையேறியாகிவிட்டது. முதல் பதிவில் சொன்ன தோடி, கதி நீவனியாக இருக்குமோ?

*

நான் எதிர்க்கட்சி, முன்னாடியே சொல்லிவிடுகிறேன். வயலினில் எம்.எஸ்.ஜி. என்கிற எம்.எஸ். கோபாலகிருஷ்ணனின் ரசிகன். அறுபது எழுபதுகளில் லால்குடி, டி.என். கிருஷ்ணன், எம்.எஸ்.ஜி. என்று வயலினுக்கு மூன்று கட்சி உண்டு. ஆத்திலேயே அண்ணன் தம்பி பேசிக்கொள்ள மாட்டோம். எம்.எஸ்.ஜி.யின் பரூர் பாணி வில்லின் கனமும், ஒரே விரலைத் தந்தியில் மேலும் கீழும் ஓடவிட்டு அவர் செய்கிற ஜாலமும் வேறு யாருக்கு வரும்? சரி, அதற்கு வேறு இடம்.

என்னை அசைத்தது ஒரு கேசட். மதுரை மணி ஐயர் கச்சேரி, பக்கத்தில் லால்குடி. சினேகிதரிடம் இரவல் வாங்கியது, திருப்பிக் கொடுக்கவேயில்லை, இருக்கட்டும். மணி ஐயர் ஸ்வரம் பாடினால் உருட்டி உருட்டி விடுவார், சர்வலகுவில், தாளத்தோடு இயல்பாக ஓடுகிற நடையில், கொட்டிக்கொண்டே இருக்கும். பதிலுக்கு லால்குடி என்ன செய்கிறார் என்று கேட்க வேண்டும். அதே அளவு, அதே நடை. ஐயர் நாலு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) பாடினால் ஐந்தாவது ஆவர்த்தனம் வாசிக்க ஆசை வராதா, அந்த வயதில்? வரவில்லை. ஆலத்தூர் சகோதரர்களுக்கு வாசித்த டேப்பைப் போட்டால் ஆளே வேறு, தாளக் கணக்கு வழக்கெல்லாம் அங்கே வெளியே வருகிறது. யாருக்கு வாசிக்கிறோம் என்பதைக் காது முடிவு செய்கிறது, கை அல்ல. எம்.எஸ்.ஜி. கட்சியில்தான் இப்போதும் இருக்கிறேன், ஆனால் கேசட் மட்டும் இன்னும் என்னிடம்தான்.

அப்புறம், 1965ல் எடின்பரோ விழாவில் மேல்நாட்டு வயலின் மேதை யெஹூதி மெனுஹின் லால்குடியைக் கேட்டுவிட்டுத் தன் இத்தாலிய வயலினையே பரிசாகக் கொடுத்தார். இங்கே மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதுப் பட்டியலில் லால்குடி பெயரைத் தேடினால் கிடைக்காது. எதிர்க்கட்சிக்காரனுக்கே வயிறு எரிகிறது.

*

நான் பரதம் ஆடியவள். சங்கீத சபைப் பக்கம் அவ்வளவாகப் போனதில்லை. மோகனகல்யாணி தில்லானாவை எத்தனை மேடையில் ஆடியிருப்பேன் என்று கணக்கில்லை. சாருகேசி வர்ணம், 'இன்னம் என் மனம்', என் அரங்கேற்றத்திலேயே உண்டு. இதையெல்லாம் இயற்றியவர் ஒரு வயலின் வித்வான் என்று எனக்கு ரொம்ப நாள் உறைக்கவேயில்லை. வாக்கேயக்காரர், அதாவது பாட்டு இயற்றுகிறவர், என்றால் பழைய காலத்து மனிதர் என்று நினைப்பு!

அவருடைய 'அங்கயற்கண்ணி' பதவர்ணம், ஆடுவதற்கென்றே அமைந்த உருப்படி, கற்றபோதுதான் திணறினேன். ஒன்பது ரசம், ஒன்பது ராகம். பிலஹரியில் சிரித்துக்கொண்டு ஆரம்பித்தால், ராகம் மாறுகிற அந்த ஒரு நொடியில் முகம் மாறியிருக்க வேண்டும். ஆனால் பாட்டு உதவி செய்யும். ஸ்வரத்தில் எங்கே கால் விழும், எங்கே கண் போதும் என்பதை எழுதியவரே யோசித்து வைத்த மாதிரி இடைவெளிகள். பின்னால் ஒருமுறை அவர் கச்சேரிக்குப் போனேன், கடைசியில் தில்லானா. நாற்காலிக்கு அடியில் என் கால் தானாகத் தட்டுகிறது. முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார். மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி தட்டினேன்.

*

நான் கேட்டதைவிடப் பார்த்தது அதிகம். பையனாக இருந்தபோது என் மிருதங்க வாத்தியாருடன் பையைத் தூக்கிக்கொண்டு போவேன். ஒரு கோவில் கச்சேரியில் மேடையில் பின்னால் உட்கார இடம் கிடைத்தது. பாடகர் பெரியவர், பெயர் வேண்டாம், அன்று தொண்டை கட்டியிருந்தது. ஆலாபனையில் தார ஸ்தாயி (மேல் ஸ்தாயி) காந்தாரத்துக்கு இரண்டு தடவை முயன்றார், பிடிபடவில்லை, இறங்கிவிட்டார். அடுத்து லால்குடியின் வயலின் முறை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இவர் விரலுக்குக் காந்தாரம் ஒரு தூரமா? அடிக்கப்போகிறார் என்று காத்திருந்தேன். காந்தாரத்துக்கு ஒரு படி கீழே, ரிஷபம் வரைக்கும் போனார், அங்கேயே நின்று கொஞ்சம் கார்வை கொடுத்து ஸ்வரத்தை நீட்டினார், கீழே வந்து மந்தர ஸ்தாயியில் சுற்றி முடித்துவிட்டார். ஜனங்கள் சுமாராகத்தான் கைதட்டினார்கள். எனக்கு ஏமாற்றம்.

மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்தின்போது பார்க்கிறேன், வில்லை மடியில் வைத்துவிட்டுத் தொடையில் தாளம் போடுகிறார், கண் என் வாத்தியார் கைமேலேயே.

திரும்பி வரும்போது ரயிலில் வாத்தியாரிடம் கேட்டேன், "ஏன் சார், அவர் மேலே போகவே இல்லை?" வாத்தியார் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "பெரியவர் எங்கே நின்னார்னு கவனிச்சியோ?" என்றார். "காந்தாரத்துக்கு முன்னாடி." "இவர்?" நான் பதில் சொல்லவில்லை. அவரும் அதற்குமேல் பேசவில்லை, வெற்றிலையைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

*

லால்குடிக்காரருக்கு: கதி நீவனியா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை சார். அந்த மாமியிடம் கேட்டிருக்கலாம். தட்டை வைத்துவிட்டு நேராக உள்ளே போய்விட்டார், அவரிடம் டிக்கெட் இருந்தது.